ஒரு தோல்வி, ஒரு பருவம்: வன்னிக் கழகங்களுக்கு விலகல் முறைக் கிண்ணம் நடத்தும் வழி

வன்னியில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் கிண்ணப் போட்டி வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: முப்பது அணி வரை அழைப்பார்கள், ஒரே மைதானம், நாளுக்கு இரண்டு மூன்று ஆட்டம், பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். முதல் நாளே தோற்ற அணிக்கு அடுத்த வருடம் வரை பெரிய ஆட்டம் கிடையாது. வென்றுகொண்டே போகும் அணி நாலு நாளில் மூன்று ஆட்டம் ஆடி, அரையிறுதிக்கு வரும்போது பாதிப்பேர் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். மைதானமும் அதற்குள் புழுதிக் காடாகிவிடும்.

தோற்ற அணி விலகும் அதே நொக்கவுட் முறையை ஐந்து மாதத்துக்கு நீட்டி, ஒவ்வொரு சுற்றையும் வெவ்வேறு ஊர்களில் வைத்தால் இந்தச் சிக்கல்களில் பாதி தானாகவே போய்விடும். ஸ்கொட்லாந்தில் தேசிய லீக்குக்கு வெளியே உள்ள சிறு கழகங்கள் நூறு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் ஆடுகின்றன. அங்கே ஸ்கொட்டிஷ் ஜூனியர் கிண்ணம் 1886இல் தொடங்கியது. பெயரில் ஜூனியர் இருந்தாலும் அது சிறுவர் போட்டி அல்ல. வளர்ந்தவர்கள் ஆடும், சுரங்க ஊர்களும் தொழிற்சாலை ஊர்களும் உயிரைக் கொடுத்து ஆடிய போட்டி. அதை அதிகமுறை வென்ற ஒக்கின்லெக் டால்பட் கழகமும் ஒரு சிறிய சுரங்க ஊரின் கழகந்தான். இன்னொன்று 1895 முதல் 2007 வரை நடந்த தகுதிகாண் கிண்ணம். லீக்கில் இல்லாத கழகங்கள் பெரிய ஸ்கொட்டிஷ் கிண்ணத்துக்குள் நுழைய அதுவே வாசல். பயணத் தூரம் கருதி அதை வடக்கு, தெற்கு என்று பிரித்து நடத்தினார்கள்.

அங்கிருந்து நாம் எடுக்க வேண்டியவை மூன்று. சுற்றுகளுக்கிடையே இடைவெளி. முழு அட்டவணையை முதலிலேயே போடாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சீட்டு இழுப்பது. முதலில் எடுபடும் அணியின் மைதானத்தில் ஆட்டத்தை வைப்பது. மூன்றாவதுதான் ஊர்களுக்குள் உயிரூட்டுவது. தன் ஊர் மண்ணில், தன் ஊர்ச் சனத்துக்கு முன்னால் ஒரு கிண்ண ஆட்டம் என்றால் மைதானத்தைத் துப்புரவாக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

நாட்காட்டியை முதலில் போடுங்கள்

அணிகளை அழைப்பதற்கு முன் திகதிகளை முடிவுசெய்யுங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. தை, மாசி காலபோக அறுவடை. ஆகவே மார்ச் நடுப்பகுதிக்கு முன் முதல் சுற்றை வைக்காதீர்கள். நெல் வெட்டும் காலத்தில் வைத்தால் அணி பதினொரு பேரோடு வராது, எட்டுப் பேரோடு வரும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு வாரத்தை விடுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் ஆட்டம் வைப்பது வீண். மடுத் திருவிழாவுக்காக ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களையும், சாதாரணதர, உயர்தரப் பரீட்சைத் திகதிகளையும் அடித்துவிடுங்கள். மிஞ்சும் வார இறுதிகளில் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் ஐந்து சுற்றுகள் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் அடங்கும்.

கரையோரக் கழகங்களிடம் தனியாகக் கேளுங்கள். எந்த நாள் கடலுக்குப் போவதில்லையோ அந்த நாளை அவர்களுக்குக் கொடுங்கள். சனி, ஞாயிறு இரண்டையும் சுற்றுக்கு ஒதுக்கிவிட்டு, எந்த நாள் என்பதை, தன் மைதானத்தில் ஆடும் வீட்டு அணி தெரிவுசெய்யலாம் என்று விதி எழுதினால் போதும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மாற்றுத் திகதி கட்டாயம் வேண்டும். 1979இல் இன்வர்னெஸ் திஸில் என்ற லீக் சாராத கழகம் ஃபோல்கேர்க்குடன் ஆடவேண்டிய ஸ்கொட்டிஷ் கிண்ண ஆட்டம் பனியாலும் உறைந்த நிலத்தாலும் 29 தடவை தள்ளிப்போனது. ஜனவரி 6இல் நடக்கவேண்டியது பெப்ரவரி 22இல்தான் நடந்தது. நமக்குப் பனியில்லை, சித்திரை மாதத்து இடிமழை இருக்கிறது, ஊரில் செத்தவீடு இருக்கிறது. செத்தவீடு நடக்கும் ஊரில் அன்று பந்து உருட்ட முடியாது, உருட்டவும் கூடாது. இரண்டாவது மாற்றுத் திகதியிலும் வீட்டு மைதானம் ஆயத்தமில்லை என்றால் எதிரணியின் மைதானத்தில் ஆட்டம் என்று எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒரு ஆட்டம் ஒரு மாதம் இழுபட்டு, அடுத்த சீட்டு இழுப்பையும் நிறுத்திவைக்கும்.

கணக்கு: எத்தனை அணி, எத்தனை பை

விலகல் முறையில் மொத்த ஆட்டங்கள் அணிகளின் தொகையிலிருந்து ஒன்று குறைவு. 27 அணி என்றால் 26 ஆட்டம். ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் ‘பை’ முழுவதையும் முதற் சுற்றிலேயே முடித்துவிட வேண்டும். 4, 8, 16, 32 என்ற வரிசையில் உங்கள் அணித் தொகைக்கு அடுத்து வரும் எண்ணிலிருந்து அணித் தொகையைக் கழியுங்கள், மிஞ்சுவதே பை. 32இலிருந்து 27 போக 5. மற்ற 22 அணியும் 11 ஆட்டம் ஆடும், இரண்டாம் சுற்றில் 16 அணி இருக்கும். இதைக் கவனிக்காமல் 27ஐ 13 சோடியாக்கி ஒன்றுக்குப் பை கொடுத்தால் அடுத்த சுற்றில் 14 அணி, பிறகு 7, மறுபடி ஒரு பை, பிறகு 4 என்று போகும். காலிறுதியில் ஒரு அணிக்கு ஆடாமலே அரையிறுதி கிடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

வன்னிக்குப் பயணந்தான் பெரும் செலவு. பூநகரி அணி ஒன்று முதற் சுற்றுக்கு முல்லைத்தீவுக் கரைக்குப் போய்வர பட்டா வாகனத்துக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நல்ல பந்து வாங்கலாம். ஸ்கொட்லாந்தின் வடக்கு, தெற்குப் பிரிப்பை இங்கே ஏ9 கண்டி வீதியை வைத்துச் செய்யுங்கள். ஏ9க்குக் கிழக்கே தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி. மேற்கே பூநகரி, அக்கராயன், துணுக்காய், மல்லாவி, மடு, செட்டிகுளம். அரையிறுதிக்கு இரண்டு இரண்டு அணி வரும் வரை இரு பக்கமும் தனித்தனிச் சீட்டு.

இதில் ஒரு பிழை அடிக்கடி வரும். கிழக்கில் 15, மேற்கில் 12 அணி என்றால் ஒவ்வொரு பக்கமும் 16ஐ நோக்கிக் கணக்குப் போடவேண்டும்: கிழக்குக்கு 1 பை, மேற்குக்கு 4. கிழக்கில் உள்ளவர்கள் நியாயமாகவே கேட்பார்கள். அதற்குத்தான் பரந்தன், முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை போல வீதியோரத்தில் இருக்கும் கழகங்களை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்திருக்க வேண்டும். ஒரு கழகத்தை மேற்கே மாற்றினால் 14, 13. பை 2, 3. இந்த மாற்றத்தைச் சீட்டு இழுப்பதற்கு முன் செய்து, எழுத்தில் அறிவியுங்கள்.

பையைப் போன வருட வெற்றியாளருக்கோ அனுசரணை தந்த கழகத்துக்கோ கொடுக்காதீர்கள். முதலில் பைச் சீட்டுகளை எடுங்கள், பிறகு ஆட்டச் சீட்டுகளை. பலம் கூடிய கழகங்களை அடுத்த சுற்றிலிருந்து சேர்ப்பது ஸ்கொட்லாந்தில் வழமை. அதற்கு நல்ல காரணமும் உண்டு. 1885 செப்டெம்பர் 12இல் ஸ்கொட்டிஷ் கிண்ண முதற் சுற்றில் ஆர்ப்ரோத் 36-0 என்று பொன் அக்கோர்ட்டை வென்றது. அதே நாளில் டண்டீ ஹார்ப் 35-0 என்று இன்னொரு அணியை வென்றது. அப்படி ஒரு தோல்வி வாங்கிய ஊர்க் கழகம் மறு வருடம் வராது. ஆனாலும் முதல் வருடத்தில் யார் பலம், யார் பலவீனம் என்று நீங்களே தீர்மானிக்கப் போகாதீர்கள். ஒரு பருவத்தின் முடிவுகள் கையில் வந்த பிறகு, முன்னைய அரையிறுதி அணிகள் நான்கையும் இரண்டாம் சுற்றில் சேர்ப்பதா என்று கழகங்களின் கூட்டத்தில் கேட்கலாம்.

சீட்டு இழுக்கும் முறை எளிது. ஒரே அளவில் வெட்டிய தாள், ஒரே மாதிரி நாலாக மடித்தது, ஒளி ஊடுருவாத ஒரு பானை. எழுதும்போது எல்லாக் கழகப் பிரதிநிதிகளும் பார்க்க வேண்டும். போட முதல் எண்ணிக் காட்ட வேண்டும். எடுப்பது போட்டியில் சம்பந்தமில்லாத ஒருவர், முடிந்தால் பாடசாலைப் பிள்ளை. முதல் எடுபடுவது வீட்டு அணி. எடுத்த உடனேயே பலகையில் எழுதி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்கள். இரண்டு முறை தொடர்ந்து வெளியூர் போகும் அணி முறையிடும். சீட்டில் வந்தது வந்ததுதான். ஒரு தடவை மாற்றினால் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டிவரும்.

முதற் சுற்றில் தோற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 11 அணி தோற்றால் அவர்களுக்கென ஒரு ஆறுதல் கிண்ணம்: 5 பை, முதல் 3 ஆட்டம், மொத்தம் 10 ஆட்டம். பெரிய கிண்ணத்தின் சுற்றுகளுக்கிடையே வரும் வார இறுதிகளில் அதை முடிக்கலாம். முதற் சுற்றில் தோற்ற ஒவ்வொரு கழகத்துக்கும் ஆகக் குறைந்தது இரண்டு ஆட்டமாவது கிடைக்கும்.

வீரர் பதிவு

சண்டைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. அரையிறுதி வந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ நாலு பேரைக் கூலிக்கு இறக்குவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதுவரை ஆடிய ஊர்ப் பெடியள் வாங்கில் இருப்பார்கள். இதைத் தடுக்க மூன்று விதி போதும்.

முதற் சுற்றுக்கு 14 நாள் முன்பு 25 பேர் கொண்ட பட்டியல், தேசிய அடையாள அட்டை இலக்கமும் படமும் சேர்த்து. அதில் 18 பேராவது கழகம் இருக்கும் கிராம அலுவலர் பிரிவிலோ அதை அடுத்த பிரிவிலோ வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஒரு கழகத்துக்காக ஒரு நிமிடமாவது ஆடியவர் அந்தப் பருவத்தில் வேறெந்தக் கழகத்துக்கும் ஆட முடியாது. காயம், வெளிநாட்டுப் பயணம் போன்றவற்றுக்காக இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரே ஒரு தடவை 3 பேரை மாற்றலாம். அதன்பின் பட்டியல் பூட்டு.

ஆட்ட நாளில் 11 பேரும் 7 மாற்று வீரரும் எழுதிய தாள், தொடங்க 45 நிமிடம் முன்பு மத்தியஸ்தர் கையில் இருக்க வேண்டும். படத்தோடு முகத்தை ஒப்பிடுவது அப்போதுதான், தோற்ற பிறகல்ல. ஆட்சேபம் என்றால் ஆட்டம் முடிந்து இரண்டு மணிநேரத்துக்குள், எழுத்தில், வைப்புப் பணத்தோடு. ஆட்சேபம் சரியென்றால் பணம் திரும்பும். மூன்று நாளுக்குள் தீர்ப்பு. லீக் போட்டியில் ஒரு முடிவைப் பிந்தித் திருத்தினால் புள்ளி மாறும், அவ்வளவுதான். நொக்கவுட்டில் அடுத்த சீட்டு இழுத்த பிறகு திருத்தினால் இரண்டு ஊர் சேர்ந்து எழும்பும்.

மைதானம்

விதிப்படி நீளம் 90 முதல் 120 மீற்றர், அகலம் 45 முதல் 90 மீற்றர். ஊர் மைதானத்துக்கு 100க்கு 64 நல்ல அளவு. மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 மீற்றர் கயிற்று முக்கோணம் போடுங்கள். முடிவில் இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள். 100க்கு 64 மைதானத்தில் அது 118.73 மீற்றர் வரவேண்டும். இரண்டும் சமமில்லை என்றால் மைதானம் கோணல். நைலோன் கயிறு இழுபடும். அளவெடுக்க நாடாவையே பாவியுங்கள், கயிறு கோடு பிடிக்க மட்டும்.

கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 உயரம், அடியாகச் சொன்னால் 24க்கு 8. ஒவ்வொரு கம்பத்தின் உட்புறத்திலிருந்தும் 5.5 மீற்றர் அளந்து சிறு பெட்டி, 16.5 அளந்து தண்டப் பெட்டி. ஆகவே தண்டப் பெட்டியின் முழு அகலம் 40.32. தண்ட உதைப் புள்ளி 11 மீற்றரில். நடு வட்டமும் தண்டப் பெட்டி வளைவும் 9.15. வளைவைப் பெட்டியின் கோட்டிலிருந்து போடுவது பலர் விடும் பிழை. தண்ட உதைப் புள்ளியில் முளை அடித்து அங்கிருந்து கயிறு பிடியுங்கள். பெட்டிக் கோட்டில் அது 14.6 மீற்றர் இடைவெளியில் வெட்டும். கோட்டின் தடிப்பு 12 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது.

கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். வேர்வையும் நீறும் சேர்ந்தால் தோல் வேகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. விழுந்து எழும்பும் கோல் காப்பாளருக்கு முதலில் படும். உரக் கடையில் விற்கும் டொலமைட் தூள் வெண்மை கொஞ்சம் குறைவு, ஆனால் எரிக்காது. மண்ணை இலேசாக நனைத்துவிட்டுத் தூவினால் காற்றில் பறக்காமல் ஒட்டிக்கொள்ளும்.

ஜீ.ஐ. குழாய் 20 அடி நீளத்தில்தான் வரும். குறுக்குக் கம்பத்துக்கு 24 அடி வேண்டும். இரண்டு 12 அடித் துண்டை நடுவில் ஒட்டினால் மூன்று மாதத்தில் நடு தொய்யும். 20 அடிக் குழாயை முழுதாக வைத்து, 4 அடித் துண்டை ஒரு கரையில், உள்ளே சிறிய குழாய் செருகி ஒட்டுங்கள். கம்பங்களை மண்ணில் மூன்று அடியாவது புதைத்துக் கொங்கிறீட் இடுங்கள். தூக்கிவைக்கும் கோல் என்றால் பின்சட்டத்தைக் கம்பியால் முளை அடித்து இறுக்குங்கள், அல்லது மண்மூட்டை ஏற்றுங்கள். தொங்கி விளையாடும் பிள்ளை மேல் கோல் சரிந்தால் உயிரே போகும். வலைக்குக் கரையோரத்தில் கழித்த மீன்வலை தாராளமாகக் கிடைக்கும். கண் பெரிதென்றால் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், பின்னால் இழுத்து நிற்கட்டும். தளர்வாகக் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தால் பந்து பட்டுத் திரும்பி வந்து, கோலா இல்லையா என்ற வாதம் வரும்.

வெயிலில் வன்னிச் செம்மண் கல்லாகிவிடும். முதல் நாள் மாலை பவுசரில் தண்ணீர் விட்டு, காலையில் உருளை போடுங்கள். ஆட்ட நாளன்றே நனைத்தால் மேல் சேறு, அடி கல். கணுக்கால் மடங்குவது அப்போதுதான். பிறகு இருபது பேர் ஒரு கை அகலத்தில் வரிசையாக நின்று ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து கல், கண்ணாடி, நெருஞ்சி முள் பொறுக்க வேண்டும். பந்தின் காற்று விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ, இறுகிய தரையில் 9 போதும், வெயிலில் கிடந்தால் தானாகக் கூடும்.

காட்டோரத்தில் புதிதாக மைதானம் திறப்பதென்றால் அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தாமல் டோசர் விடாதீர்கள். பக்கத்தில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகும் பந்து போனதுதான். எடுக்கப் போகக் கூடாதென்று ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். மேலதிகப் பந்து மூன்று கையில் இருக்கட்டும்.

ஆட்ட நாள்

வெளிச்சத்தை வைத்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். 90 நிமிட ஆட்டம், 15 இடைவேளை, 30 மேலதிக நேரம், சிறு ஓய்வுகள், சமநிலை தவிர்ப்பு உதைக்கு 15 என்று கூட்டினால் இரண்டே முக்கால் மணிநேரம் வரை போகும். நாலு மணிக்குத் தொடங்கினால் கடைசி உதைகள் இருட்டில். மேலதிக நேரத்தை விட்டுவிட்டு நேரே சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போவதே எங்கள் பரிந்துரை. விதிகள் அதை அனுமதிக்கின்றன. இறுதியாட்டத்துக்கு மட்டும் மூன்றரைக்குத் தொடங்கி மேலதிக நேரம் வைக்கலாம். ஒரு பாதியின் நடுவில் ஒரு தடவை, 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை தண்ணீர் இடைவேளை. இரு அணியிலும் சேர்த்து 36 பேர், ஆளுக்கு ஒன்றரை லீற்றர்: 19 லீற்றர்ப் போத்தல் மூன்று. வடிகட்டிய தண்ணீராக இருக்கட்டும்.

சமநிலை தவிர்ப்பு உதையில் விதி தெரியாமல் வரும் குழப்பந்தான் அதிகம். முதல் நாணயச் சுழற்சி எந்தக் கோல் என்பதற்கு, இரண்டாவது யார் முதலில் என்பதற்கு. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்களே உதைக்கலாம். ஒரு அணியில் சிவப்பு அட்டையால் 10 பேர் என்றால் மற்ற அணியும் ஒருவரை விலக்கி 10 ஆக்கவேண்டும். உதைக்கும் ஒழுங்கை முன்கூட்டி எழுதித் தரவேண்டிய கட்டாயமில்லை, ஆனால் எல்லாரும் உதைத்து முடியும் வரை ஒருவர் இரண்டாம் முறை உதைக்க முடியாது. ஆகவே உதைத்தவரின் இலக்கத்தை மத்தியஸ்தரோடு இன்னொருவரும் எழுத வேண்டும். உதைக்கும் கணத்தில் கோல் காப்பாளரின் ஒரு காலாவது கோட்டிலோ கோட்டுக்கு நேரேயோ கோட்டுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். இதைப் பார்க்க உதவி மத்தியஸ்தர் ஒருவர் கோல் கோட்டுக்கே வரவேண்டும்.

மத்தியஸ்தர்களுக்கான காசை வீட்டுக் கழகம் கொடுக்கக் கூடாது. போட்டிக் குழு உறையில் போட்டு, ஆட்டம் தொடங்க முதலே கொடுத்துவிடட்டும். ஆடும் இரு ஊர்களையும் சேராதவர்களாக மாவட்டத்தின் மத்தியஸ்தர் சங்கத்திடம் கேட்டுப் பெறுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு கணமாவது மயங்கியவர், தடுமாறியவர் அன்று திரும்ப ஆடக் கூடாது, அவர் எவ்வளவு கெஞ்சினாலும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்கும்போது சொல்ல, மைதானத்துக்கு வரும் வழியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள்: பிரதான வீதி, திரும்பும் சந்தி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை. உள்ளூரில் அது வந்துசேரப் பிந்தலாம் என்பதால் சாவியோடு ஒரு வாகனம் வாசலில் நிற்கட்டும்.

காசும் இறுதியாட்டமும்

வெளிநாட்டு உறவுகள் தரும் காசு பெரும்பாலும் ஆளுயரக் கிண்ணத்துக்கும் இறுதியாட்டப் பணப்பரிசுக்கும் போய்விடுகிறது. அதைப் பயணக் கொடுப்பனவாக்குங்கள்: வெளியூர் போகும் அணிக்குக் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று. முதற் சுற்றில் ஒரு அணியாவது வராமல் விட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வாகனக் கூலிதான். பரிசைப் பெருப்பித்தால் கூலி வீரர்களும் பெருகுவார்கள்.

இறுதியாட்டம் பொது மைதானத்தில். ஏ9ம் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளம் கிழக்குக்கும் மேற்குக்கும் நடு. பெரிய கூட்டம் என்றால் கிளிநொச்சி. ஆட்டம் முடிந்த அன்றே எல்லா முடிவுகளும், கோல் அடித்தவர் பெயரும், மைதானமும் திகதியும் ஒரு கொப்பியில் ஏறவேண்டும். அடுத்த வருடத்து முடிவுகளுக்கு அதுதான் ஆதாரம். வென்ற கழகத்தின் தலைவர், செயலாளர் இருவரும் கிண்ணத்துக்குக் கையெழுத்து வைக்கட்டும். அடுத்த இறுதியாட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, பெயர் பொறித்து, துடைத்து, அடிப்பலகையோடு அது குழுவிடம் திரும்பி வரவேண்டும் என்று அந்தப் பற்றுச்சீட்டிலேயே திகதி போட்டு எழுதுங்கள்.